சுவர் கறுத்ததற்கு அம்மாவின் புட்டா காரணம்?

கேள்வி

அண்ணா, லண்டன் ஈஸ்ட் ஹாமில் நூறு வருடத்துக்கு மேல் பழைய, இரண்டு பக்கமும் ஒட்டிய செங்கல் வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, நான், கணவர், இரண்டு பிள்ளைகள். அப்பாவுக்குப் பென்ஷன் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவி, வருகிறது. 2024 பங்குனியில் ஒருவர் கதவைத் தட்டி, "அரசாங்கத் திட்டம், ஒரு பவுண்டும் வேண்டாம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். வைகாசியில் ஐந்து பேர் வந்து, நாலே நாளில் முன்சுவர், பின்சுவர் இரண்டுக்கும் உட்பக்கமாகச் சூட்டை வெளியே விடாத தடித்த இன்சுலேஷன் பலகை அடித்து, பூசி, பெயின்ற் அடித்துவிட்டுப் போனார்கள். குளிர் தொடங்கியபோது வீடு நல்ல சூடாகத்தான் இருந்தது. ஆனால் மார்கழியில் பார்த்தால் அப்பாவின் அறையில் யன்னல் ஓரம், அலுமாரிக்குப் பின்னால் எல்லாம் கறுப்புப் பூஞ்சணம். இந்தக் குளிருக்கு இன்னும் மோசம். அப்பாவுக்கு இரவில் இருமலும் இழுப்பும். கொம்பனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "நீங்கள் சமைக்கிற விதமும், உள்ளே உடுப்புக் காயப்போடுவதும்தான் காரணம்" என்றார். அன்றிலிருந்து அம்மா புட்டு அவிப்பதையே விட்டுவிட்டா. இப்போது அந்தக் கொம்பனியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. எங்கள் கரண்ட் கொம்பனியைக் கேட்டால் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள். சும்மா கிடைத்ததைப் பற்றி எப்படிக் குறை சொல்வது என்று கணவர் தயங்குகிறார். இதற்கு யார்தான் பொறுப்பு? ஹரோவில் இருக்கும் என் அண்ணாவின் கதவையும் இப்போது ஒருவர் தட்டுகிறார். அவர் கையெழுத்து வைக்கலாமா?

பதில்

அன்புள்ள தங்கச்சி,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அப்பாவை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள். இன்றைக்கே. வீட்டில் இடம் இல்லையென்றால் முன்னறையில் ஒரு மெத்தையைப் போட்டாவது படுக்க வையுங்கள். வயதான நெஞ்சுக்கும் பூஞ்சணத்துக்கும் ஒத்துவராது. ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) கூட்டிப் போகும்போது "இருமல்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். படுக்கும் அறையில் பூஞ்சணம் இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று சொல்லி, அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வைத்தியத்துக்கும் அது தேவை. பின்னால் கடிதம் எழுதும்போதும் உதவும்.

அடுத்தது அம்மாவின் புட்டு. நான் பழைய வீடுகளுக்கு இன்சுலேஷன் போடுவதற்கு முன்னும் பின்னும் பார்த்து அறிக்கை எழுதுகிறவன். "உங்கள் சமையல்தான் காரணம்" என்ற பேச்சை எங்கள் ஆட்களின் வீடுகளில் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். கேட்கும் ஒவ்வொரு தரமும் கோபம் வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

பிரிட்டனில் இப்படியான திட்டங்களில் ஒரு வீட்டைத் தொடுவதென்றால் பாஸ் 2035 என்ற தரநெறிப்படிதான் தொட வேண்டும். அதன்படி ஒரு மதிப்பீட்டாளர் முதலில் வர வேண்டும். அவர் சுவரை மட்டும் அளந்துவிட்டுப் போக முடியாது. இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள், எங்கே ஈரம் இருக்கிறது, காற்று எப்படி உள்ளே வந்து வெளியே போகிறது என்பதையும் எழுத வேண்டும். அதைப் பார்த்து ரெட்ரோஃபிட் (பழைய வீட்டை மேம்படுத்தும் வேலை) ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் முழு வேலைக்கும் பொறுப்பேற்க வேண்டும். காற்றோட்டம் போதாது என்றால் அதையும் சேர்த்துச் செய்த பிறகுதான் அந்த வேலை முடிந்த வேலை. ஆறு பேர் மூச்சு விடுகிற, குளிக்கிற, மூன்று நேரமும் சமைக்கிற வீடு இது என்பது பலகை அடிக்கும் முன்பே அவர்களின் கடதாசியில் இருந்திருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் மதிப்பீடு பிழை. எழுதிவிட்டும் ஒன்றும் செய்யவில்லையென்றால் வேலை பிழை. எப்படிப் பார்த்தாலும் அம்மா பிழை செய்யவில்லை.

புட்டு ஆவி ஈரம்தான், அதை நான் மறைக்கவில்லை. மூச்சும் ஈரம், உள்ளே காயும் உடுப்பும் ஈரம். ஆனால் அந்த ஈரம் உங்கள் வீட்டில் நூறு வருடமாக ஏதோ ஒரு வழியால் வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. உங்கள் சுவர் ஒன்பது அங்குலத் திண்மச் சுவர், நடுவில் இடைவெளி இல்லாதது. வெளியே போய்ப் பாருங்கள்: ஒரு நீளக் கல், அடுத்து ஒரு குட்டைக் கல் என்று மாறி மாறித் தெரிந்தால் அதுதான் அடையாளம். பழைய யன்னல் சந்து, தரைப்பலகை நீக்கல், புகைபோக்கி எல்லாவற்றாலும் அந்த வீடு மூச்சு விட்டது. வீடு குளிர்ந்ததும் அதனால்தான். உட்பக்கம் பலகை அடித்து, பூசி, சந்துகளை அடைத்தபோது சூடு நின்றது. கூடவே ஈரம் போகிற வழியும் நின்றது. சூட்டை மறிக்கிறவன் ஈரத்துக்கு வழி விட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

நீங்கள் எழுதிய இரண்டு இடங்களும் எனக்கு இரண்டு வேறு கதை சொல்கின்றன. யன்னல் ஓரத்தில் வரும் பூஞ்சணம் பெரும்பாலும் யன்னலைச் சுற்றிச் சுவர் உள்ளே மடங்கும் அந்த அரை அடிப் பக்கத்தில்தான் வரும். அங்கே பலகை அடிக்க யன்னல் சட்டம் இடம் விடாது என்று பலர் வெறும் பூச்சோடு விட்டுவிடுவார்கள். சுற்றியுள்ள சுவரெல்லாம் இப்போது சூடு. அந்த ஓரம் மட்டும் முன்பு போலவே குளிர். வீட்டிலுள்ள ஈரம் முழுவதும் போய் ஒட்டுவதற்கு அந்த ஒரு இடம்தான் மிச்சம். கையை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உள்ளங்கையிலேயே தெரியும். விரலால் தட்டியும் பாருங்கள். பலகை உள்ள இடம் டொக் என்று வெறுமையாகக் கேட்கும். இல்லாத இடம் கல்லுப் போல நிற்கும்.

அலுமாரிக்குப் பின்னால் வந்தது வேறாக இருக்கலாம். அங்கே பலகைகள் பொருந்தும் இடத்தில் நீக்கல் இருந்தால் அறையின் சூடான காற்று பின்னால் போய், குளிர்ந்த செங்கல்லில் பட்டு நீராகும். அல்லது வெளியே கூரைப் பீலி ஒழுகி, செங்கல் இடுக்கின் சாந்து உதிர்ந்து, மழைநீர் உள்ளே வரும். முன்பெல்லாம் அந்த ஈரத்தை உள்ளிருந்து வந்த சூடு காயவைத்தது. இப்போது அந்தச் சூடு பலகையோடு நின்றுவிடுகிறது. முன்பு நான் பார்த்த ஒரு வீட்டில் பலகையின் ஒரு மூலையைக் கழற்றினோம். டோர்ச் அடித்துப் பார்த்தபோது பின்னாலிருந்த பழைய வோல்பேப்பர் உரிக்கப்படாமலே இருந்தது. அதன் மேலேயே பலகையை ஒட்டியிருந்தார்கள். அந்தக் கடதாசி முழுவதும் நனைந்த தேயிலைப் பை போல இருந்தது. மேல்தளத்தைத் தாங்கும் மரத் தீராந்தியின் நுனி சுவருக்குள் போகும் இடத்தில் திருப்புளியை வைத்து அமத்தினேன். எதிர்ப்பே இல்லாமல் ஒரு அங்குலம் உள்ளே போனது. அதனால்தான் சொல்கிறேன், இது வெறும் துடைத்துப் பெயின்ற் அடிக்கிற விஷயம் இல்லை. பூஞ்சணத்தின் மேல் பெயின்ற் அடிக்க யாரையும் விடாதீர்கள்.

காற்றோட்டத்தை நீங்களே இன்று பின்னேரம் சோதிக்கலாம். குளியலறை ஃபேனைப் போட்டு, ஒரு ஒற்றைத் திசுக் கடதாசியை அதன் முகத்தில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் ஃபேன் சத்தம் மட்டும்தான் போடுகிறது. கட்டட விதிப்படி குளியலறை ஃபேன் வினாடிக்கு 15 லீற்றர் காற்றை வெளியே தள்ள வேண்டும். குசினியில் அடுப்புக்கு மேலே ஆவியை இழுக்கும் ஹூட் என்றால் 30 லீற்றர், வேறிடத்தில் வைத்த ஃபேன் என்றால் 60 லீற்றர். வடிகட்டி மட்டும் உள்ள, குழாய் வெளியே போகாத ஹூட் இதில் சேர்த்தியில்லை. அது ஆவியை வாங்கித் திரும்ப உங்கள் முகத்திலேயே விடுகிறது. பிறகு அறைக் கதவுகளைப் பாருங்கள். சாத்தியிருக்கும்போது தரைக்கும் கதவுக்கும் நடுவில் 10 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். யன்னல் சட்டத்தின் மேலே நீளக் கீறலாகத் திறந்து மூடும் காற்றுவழி இருக்கிறதா? இவற்றில் எது இல்லையோ அதைப் படம் எடுத்து வையுங்கள். கடையில் பத்துப் பதினைந்து பவுண்டுக்கு ஈரப்பதமானி கிடைக்கும். அதை அப்பாவின் அறையில் வைத்து, காலையும் இரவும் எண்ணை எழுதி வாருங்கள். 60 வீதத்துக்குக் கீழே நின்றால் நல்லது. நாள்கணக்கில் 70ஐத் தாண்டியே நின்றால் பூஞ்சணம் வரத்தான் செய்யும். இரண்டு கிழமைக் கணக்கு உங்கள் கையில் இருந்தால், வருகிறவர் சமையலைப் பற்றிப் பேச மாட்டார்.

இனி உங்கள் கணவரின் தயக்கத்துக்கு வருகிறேன். அதுதான் எனக்கு மிகவும் மனதில் பட்டது. எங்கள் சனத்துக்கு இது பழக்கம். சும்மா தந்ததைக் குறை சொல்வது நன்றியில்லாத வேலை என்று வாயை மூடிக்கொள்வோம். ஆனால் இதை உங்களுக்கு யாரும் சும்மா தரவில்லை.

திட்டத்தின் பெயர் எனர்ஜி கொம்பனி ஒப்ளிகேஷன், சுருக்கமாக ஈக்கோ. ஒப்ளிகேஷன் என்றால் கடப்பாடு. மின்சாரமும் காஸும் விற்கிற பெரிய கொம்பனிகள், அதாவது பிரிட்டிஷ் காஸ், ஈடிஎஃப், ஒக்டோபஸ், ஓவோ, ஈ.ஓன், ஸ்கொட்டிஷ்பவர் போன்றவை, தாங்கள் விற்கிற அளவுக்கு ஏற்ப ஒரு பங்கு வேலையைச் செய்து காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. வசதி குறைந்த வீடுகளில் இன்சுலேஷன் போட்டும், சூடாக்கும் முறையை மாற்றியும் வருடாந்தப் பில்லில் இத்தனை பவுண்டு குறைத்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒழுங்குமுறை ஆணையமான ஒஃப்ஜெம் தண்டம் விதிக்கலாம். இந்த யோசனை புதியதல்ல. மின்சார வாரியங்களைத் தனியாருக்கு விற்ற பிறகு 1994இல் சிறிய அளவில் தொடங்கியது. பெயர் மாறி மாறி வந்து, 2013 ஜனவரியில் ஈக்கோ ஆனது. உங்கள் வீட்டுக்கு வந்தது அதன் நான்காம் கட்டம், ஈக்கோ-4. 2022இல் தொடங்கியது. வருடத்துக்குச் சுமார் ஒரு பில்லியன் பவுண்டு.

அந்தப் பில்லியனைக் கொம்பனிகள் தங்கள் இலாபத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டுப் பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கினார்கள். உங்கள் பில்லிலும் அது இருந்தது. ஒரு பல்பும் ஒரு ஹீற்றரும் வைத்து ஒற்றை அறையில் இருக்கும் பெடியன் கட்டிய காசும் அதில் இருந்தது. ஆகவே நீங்கள் பிச்சை வாங்கியவர் இல்லை. முன்பணம் கட்டிய வாடிக்கையாளர். கணவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

அப்படியானால் உங்கள் கரண்ட் கொம்பனி ஏன் கையை விரிக்கிறது? அவர்கள் பொய் சொல்லாமலும் இருக்கலாம். இத்திட்டத்தில் உங்களுக்கு மின்சாரம் தருகிறவரே உங்கள் வீட்டு வேலைக்குப் பணம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடப்பாடுள்ள எந்தக் கொம்பனியும் எந்த வீட்டின் வேலையையும் தன் கணக்கில் சேர்க்கலாம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: கொம்பனி ஒரு இடைத்தரகரோடு ஒப்பந்தம் போடும். இடைத்தரகர், இன்சுலேஷன் போடும் கொம்பனியான நிறுவுநரைப் பிடிப்பார். நிறுவுநர் வேலையைத் துணை ஒப்பந்தத்தில் இன்னொருவருக்குக் கொடுப்பார். கதவைத் தட்டியவர் இவர்கள் யாருமே இல்லை, ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்குகிறவர். பணம் மேலிருந்து கீழே வரும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழியும். கடைசியில் பலகை அடிக்கிறவரின் கையில் நாலு நாள் கூலிதான் மிஞ்சும். ஒரு திண்மச் சுவர் வீட்டை ஒழுங்காகச் செய்ய நாலு நாள் காணாது, தங்கச்சி. நீங்கள் அந்த நாலு நாளை எழுதியபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் ஈக்கோ-4ஐயும், அதோடு ஓடிய கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் திட்டத்தையும் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. சுவரின் வெளிப்பக்கம் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 வீதத்தில் சரிசெய்தே ஆக வேண்டிய பெரிய குறைகள்: 22,000 முதல் 23,000 வீடுகள். உங்களுடையது போல உட்பக்கம் போட்டவற்றில் 29 வீதம்: 9,000 முதல் 13,000 வீடுகள். திறமை இல்லாத துணை ஒப்பந்தக்காரர், செலவைக் குறைக்க வேலையைக் குறைத்தது, எந்தத் தரத்தைப் பின்பற்றுவது என்ற குழப்பம் என்று காரணங்களை அடுக்கியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே 39 நிறுவுநர்களை இடைநிறுத்தியிருந்தார்கள். இத்தனை ஆயிரம் வீடுகளிலும் புட்டு அவித்திருக்க மாட்டார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். சரிசெய்யும் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது என்பதே அரசின் நிலைப்பாடு. யாராவது "திருத்தித் தருகிறோம், இவ்வளவு தாருங்கள்" என்று வந்தால் கதவைச் சாத்துங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. வீட்டிலுள்ள எல்லாக் கடதாசிகளையும் மேசையில் கொட்டுங்கள். தேட வேண்டியது முக்கியமாக இரண்டு. ஒன்று, வேலைத் தரத்தைப் பார்க்கும் அமைப்பான ட்ரஸ்ட்மார்க்கின் பெயர் போட்ட பதிவுச் சான்றிதழ். ஈக்கோ வேலைகள் எல்லாம் ட்ரஸ்ட்மார்க்கில் பதியப்பட வேண்டும். நிறுவுநரின் உண்மைப் பெயரை அதிலிருந்து பிடிக்கலாம். வீட்டுக்கு வந்த வானில் எழுதியிருந்த பெயர் வேறாக இருக்கக்கூடும். மற்றது உத்தரவாதப் பத்திரம். திண்மச் சுவர் இன்சுலேஷனுக்கு 25 வருட உத்தரவாதம் இருக்க வேண்டும். நிறுவுநர் கடையை மூடிவிட்டுப் போனாலும் நிற்கக்கூடிய உத்தரவாதம் அது. அதைத் தருவது வேறொரு அமைப்பு, அதன் பெயர் பத்திரத்தில் இருக்கும். மின்னஞ்சலிலும் தேடுங்கள், குப்பைப் பெட்டியையும் விட்டுவைக்காதீர்கள். பலருக்கு அது மின்னஞ்சலில் வந்து, விளம்பரம் என்று கிடந்துவிடும். கிடைக்காவிட்டால் வீட்டு முகவரியைக் கொடுத்து ட்ரஸ்ட்மார்க்கிடமே கேளுங்கள்.

பிறகு எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசியில் கதைத்தது காற்றோடு போய்விடும். நிறுவுநரின் பதிவு முகவரிக்கு, போன் எடுக்காவிட்டாலும், ஒரு கடிதம் போக வேண்டும். கொம்பனி இன்னும் உயிரோடு இருக்கிறதா, பதிவு முகவரி எது என்று அரசின் கொம்பனிப் பதிவகமான கொம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் ஒரு பென்னியும் செலவில்லாமல் பார்க்கலாம். அதே கடிதத்தை ட்ரஸ்ட்மார்க்குக்கும், உத்தரவாதம் தந்த அமைப்புக்கும், ஒஃப்ஜெமுக்கும் அனுப்புங்கள். ஒஃப்ஜெமிடம் ஒரு கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்: எங்கள் வீட்டு வேலையைத் தன் கணக்கில் சேர்த்த கொம்பனி எது? பெயர் தெரிந்ததும் அந்தக் கொம்பனிக்கும் ஒரு பிரதி. வேலை தரத்துக்கு ஏற்றதில்லை என்றால் ஒஃப்ஜெம் அதைக் கொம்பனியின் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம். காசு கொடுத்து வாங்கிய கணக்கு கையைவிட்டுப் போகும் என்ற பயம் மேலிருந்து வந்தால்தான் கீழே ஆட்கள் அசைகிறார்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம், விவரம் வேண்டும். வேலை நடந்த திகதி, பூஞ்சணம் முதல் தெரிந்த திகதி, படங்கள், ஈரப்பதமானி எண்கள், ஃபேன் சோதனை, கதவிடுக்கு அளவு, அறையில் படுப்பவரின் வயதும் நோயும். பிறகு மூன்றே மூன்று கடதாசிகளைக் கேளுங்கள்: மதிப்பீட்டாளரின் அறிக்கை, வடிவமைப்பு வரைபடம், காற்றோட்ட மதிப்பீடு. ரெட்ரோஃபிட் ஒருங்கிணைப்பாளரின் பெயரையும் கேளுங்கள். என் அனுபவத்தில், இந்தக் கடதாசிகளைப் பெயர் சொல்லிக் கேட்கிறவருக்கு வரும் பதிலே வேறு. இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கு முழுவதையும் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமம் என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு உதவும், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். காசு கேட்க மாட்டார்கள்.

பலகையை நீங்களே கழற்றாதீர்கள். கழற்றினால் உத்தரவாதத்தில் சிக்கல் வரும், ஆதாரமும் போய்விடும். அதுவரைக்கும் படம் எடுத்த பிறகு பூஞ்சணத்தைப் பூஞ்சணக்கொல்லித் திரவத்தால் துடைக்கலாம், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வையுங்கள். ஹீட்டிங்கை ஒரேயடியாக ஏற்றி இறக்குவதைவிடக் குறைந்த சூட்டில் தொடர்ந்து ஓட விடுவது அந்தச் சுவருக்கு நல்லது. பில் பயம் இருக்கும், தெரியும். அப்பாவுக்குப் பென்ஷன் கிரெடிட் இருப்பதால் மின்கணக்கு அவர் பெயரில் இருந்தால் குளிர்காலத்தில் வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற 150 பவுண்டு பில் கழிவு கிடைக்கும். பில் உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால் அது கிடைக்காமல் போயிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "நட்டஈடு வாங்கித் தருகிறோம், வென்றால் மட்டும் காசு" என்று சட்ட முகவர்களும் இனி உங்களுக்குப் போன் அடிப்பார்கள். சுவர் இடைவெளிக்குள் இன்சுலேஷன் அடைத்துப் பழுதான வீட்டுக்காரர் பலர் வடக்கு இங்கிலாந்தில் அப்படி நம்பி வழக்குப் போட்டார்கள். ஷெஃபீல்டிலிருந்த அவர்களின் சட்ட நிறுவனம் 2024இல் வீழ்ந்தது. எதிர்த்தரப்பின் செலவுக் கணக்கு ஆயிரக்கணக்கான பவுண்டில் அந்த ஏழை வீடுகளுக்கே வந்தது. உத்தரவாத வழி முழுவதையும் முடித்துப் பார்க்கும் வரை எந்தச் சட்ட முகவருக்கும் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஹரோ அண்ணாவின் விஷயம். ஈக்கோ அதன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் பட்ஜெட்டில், ஈக்கோ-4க்குப் பிறகு இத்திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்துவிட்டார். பில்லில் ஏற்றிய சுமையைக் குறைப்பதற்காக. பில் குறைவது நல்லதுதான். ஆனாலும் முப்பது வருடமாக ஏதோ ஒரு வடிவில் ஏழை வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வழி அடைபடுகிறது என்பது எனக்குக் கவலைதான். ஒழுங்காகச் செய்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். கூரைக்கு அடியில் 270 மில்லிமீற்றர் தடிப்புக்கு இன்சுலேஷன் கம்பளி விரித்து, ஃபேன் மாற்றி, கதவடி வெட்டி, முதல் தரம் ரேடியேட்டர் பூட்டிய வீட்டில் எழுபத்தைந்து வயது ஆச்சி ஒருவர் இரண்டு சுவெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அந்த வீட்டுக்குப் போனதும் இதே திட்டம்தான். பிழை செய்தவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை, ஒழுங்கான வேலைக்குக் காத்திருக்கும் வீடுகளையும் சேர்த்துச் சுட்டுவிடக் கூடாது.

திட்டம் முடியப் போகிற நேரத்தில் கதவைத் தட்டுகிறவரின் அவசரம் இன்னும் கூடும். "இந்தக் கிழமைக்குள் கையெழுத்து, இல்லாவிட்டால் போய்விடும்" என்பார். அண்ணா அன்றைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். கதவு தட்டியவரின் கொம்பனியை அல்ல, வேலை செய்யப்போகும் கொம்பனியின் பெயரைக் கேட்டு ட்ரஸ்ட்மார்க் தளத்தில் தேடட்டும். தன் வீட்டின் எனர்ஜி சான்றிதழை அரச தளத்தில் தபால் குறியீடு போட்டு எடுத்துப் பார்க்கட்டும். அதில் வீட்டுக்கு ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசமானது) வரை ஒரு தரம் போட்டிருக்கும். டி-யைவிட மேலான சி என்று இருந்தால் ஈக்கோ-4க்கு அந்த வீடு தகுதியில்லை, வந்தவர் ஏதோ சுத்துகிறார். புதுப் பொயிலர் என்று ஆசை காட்டினால் இன்னும் கவனம். காஸ் பொயிலர் மாற்றுவதற்கு இதில் இறுக்கமான வரம்பு உண்டு. சூடாக்கும் வேலைக்கு முன்னால் கூரை, சுவர் இன்சுலேஷன் பார்க்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. "காற்றோட்டத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அதுவே பதில்.

அவர் வீட்டு வருமானம் வருடத்துக்கு 36,000 பவுண்டுக்குள் இருந்தால், கதவு தட்டுகிறவரை விட்டுவிட்டு நேரே ஹரோ கவுன்சிலிடம் வோர்ம் ஹோம்ஸ் லோக்கல் கிரான்ட் பற்றிக் கேட்பது நல்லது. அது பில்லில் ஏற்றாத, அரச வரிப்பணத்தில் நடக்கும் திட்டம். நடத்துவது கவுன்சில். பிழை நடந்தால் போய் நிற்பதற்கு ஒரு கட்டடமும் ஒரு மேசையும் இருக்கும். உங்களுக்கு இப்போது இல்லாதது அதுதானே.

பரிசோதிக்க ஆள் வருகிற நாளில் நீங்களோ கணவரோ வேலைக்கு லீவு போட்டு வீட்டில் நில்லுங்கள். வயதான இரண்டு பேரை மட்டும் ஆங்கிலம் பேசுகிறவர் முன்னால் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்படி விட்ட வீடுகளில்தான் "சமையல் காரணம்" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். வருகிறவர் பலகைக்குப் பின்னால் கமரா விட்டுப் பார்க்கிறாரா, ஈரமானியைச் சுவரில் குத்திப் பார்க்கிறாரா, ஃபேனின் காற்றை அளக்கிறாரா என்று பாருங்கள். இதில் ஒன்றும் செய்யாமல் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினால், எழுதுவதற்கு முன்பே நிறுத்தி, ஏன் அளக்கவில்லை என்று கேளுங்கள். அறிக்கையின் பிரதியை வாங்காமல் விடாதீர்கள். அது கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், வரிக்கு வரி பார்த்து எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், நாளைக்குக் காலையில் புட்டு அவிக்கட்டும். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, யன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்துவிட்டு.